பதினான்கு சோதனைகளும் ஒரு கேள்வியும்

மதுக்கரை
7.12.2025, ஞாயிறு காலை

அன்புள்ள மாரப்பன் அவர்களுக்கு,

சுந்தரராஜுலு எழுதுகிறேன். சிமென்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் உங்களோடு வேலை பார்த்த அதே ஆள்தான். இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீங்களும் மகன் ரவிக்குமாரும் மருமகள் அன்புச்செல்வியும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே நானும் ராமாமணியும் மகள் சைத்ராவும் சுகம். இந்த மூன்று பேரையும் ஒரே வரியில் வைத்து ‘சுகம்’ என்று எழுத எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

உங்கள் புனே முகவரியை, ஊரில் உங்கள் பக்கத்து வீட்டு மாசாணியம்மாளிடம் கேட்டு வாங்கினேன். போன் நம்பரும் கொடுத்தார். இரண்டு முறை நம்பரைப் போட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். பேச்சென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். இத்தனை வருடமும் உங்களை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன். இன்று எழுத உட்கார்ந்ததும் கை தானாக ‘நீங்கள்’ என்று எழுதியது. திருத்தத் தோன்றவில்லை.

நல்ல சேதி நிறைய இருக்கிறது. ஆனால் சென்ற வருடம் மார்ச் மாதம் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாமல் நல்ல சேதிக்குப் போவது முறையாகாது.

அதற்கு ஏழெட்டு மாதம் முன்பே, ஆடியில், சைத்ராவிடம் மாற்றம் தொடங்கிவிட்டது. தோழிகளின் போனை எடுக்கவில்லை. செல்போன் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டினாள். தூக்கம் குறைந்தது. குளிப்பதற்கு இரண்டு முறை, மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. சாப்பிடும்போது நடுவில் நிறுத்தி, யாரோ பேசுவதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்ப்பாள். சில நேரம் தனியாகச் சிரிப்பாள். சூலூர் நூல் பரிசோதனைக் கூடத்து வேலையை ஒரு நாள் பாதியில் விட்டு வந்தவள், பிறகு போகவே இல்லை. நான் எல்லாவற்றையும் நீல அட்டை நோட்டில் தேதி போட்டு எழுதினேன். ஒவ்வொன்றின் எதிரிலும் ‘காரணம்: வேலைச் சுமை?’ என்று ஒரு கேள்விக்குறி. மைத்துனி வெங்கடலட்சுமி, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றாள். ராமாமணி அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். நான் எதையும் தடுக்கவும் இல்லை, எதையும் செய்யவும் இல்லை. எழுதி வைத்தேன்.

அப்போதுதான் நீங்கள் பேத்தியின் காதுகுத்துக்குச் சொல்ல வந்தீர்கள். ராமாமணி ஜன்னலோரம் உங்களுக்கென்று தனியாக வைத்திருந்த அந்த டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நீங்கள் வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில் சைத்ரா ஓடிவந்து, “மாரப்பண்ணா, அதக் குடிக்காதீங்க, பக்கத்து ஊட்டுக்காரங்க தொட்டியில என்னமோ கலக்கறாங்க” என்றாள். நானும் ராமாமணியும் ஒரே குரலில் அவளை அதட்டினோம். நீங்கள் டம்ளரைக் கீழே வைத்தீர்கள். “சரி கண்ணு, குடிக்கல. உனக்கு ரொம்ப பயமா இருக்குதா?” என்று கேட்டீர்கள். அவள் ஆமாம் என்று சொல்லி உங்கள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதை நான் நோட்டில் எழுதவில்லை. அது ஒரு விஷயமாகவே எனக்குப் படவில்லை.

பிறகு கேட்டருகே நீங்கள் தாழ்ந்த குரலில் சொன்னது இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. “சார், தப்பா எடுத்துக்காதீங்க. எந்தம்பி அருளுக்கு இப்படித்தானுங்க ஆரம்பிச்சுது. அன்னைக்கு எங்களுக்கு வெவரம் பத்தல. பாப்பாவ மனநல டாக்டர்கிட்டக் காட்டிப்போடுங்க, நாள் கடத்தாதீங்க.” அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் தப்பித்துக்கொள்வேன். “உங்க ஊட்டுச் சமாச்சாரத்தக் கொண்டாந்து எங்க ஊட்டுல சேக்காத மாரப்பா” என்றேன். வாழ்நாளில் நான் துணிச்சலாகப் பேசிய வாக்கியங்கள் மிகச் சில. அதில் ஒன்று இதுவாகிப் போனது. நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு “வாரனுங்க” என்று சொல்லிப் போனீர்கள். காதுகுத்துக்கு நான் வரவில்லை. பிறகு நீங்கள் புனே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நீங்கள் சொன்னதை ஒதுக்கிவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீரைச் சோதித்தேன். சிரிக்காதீர்கள். எனக்குத் தெரிந்த வேலை அதுதானே. குழாய்த் தண்ணீர், தொட்டித் தண்ணீர், பக்கத்து வீட்டாரிடம் கேட்டு அவர்கள் தொட்டித் தண்ணீர், மூன்றிலும் மாதிரி எடுத்தேன். கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு என்று முதலில் ஆறு சோதனை. எல்லாம் அளவுக்குள். கட்டம் போட்டு டைப் செய்து, கையெழுத்திட்டு அவளிடம் கொடுத்தேன். அவள் நிதானமாகப் படித்தாள். “நாயனா, நீங்க தேடுனதுதான் இதுல இருக்குது. தேடாதது எங்க இருக்குதுங்க?” என்றாள்.

கேள்வி சரியாகத்தான் இருந்தது, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆறைப் பதினான்காக்கினேன். தெரிந்த ஒரு தனியார் கூடத்துக்கும் மாதிரி அனுப்பினேன். இதற்கே இரண்டு மாதம் போயிற்று. நடுவில் ஒரு நாள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நானே குடிக்கத் தயங்கினேன். என் புத்தியின் உறுதி அவ்வளவுதான். பதினான்கு வரியுள்ள அறிக்கையை நீட்டினேன். சைத்ரா அதைத் திறக்கக்கூட இல்லை. “ஒண்ணுமே இல்லாத தண்ணிக்கு எதுக்குங்க நாயனா இத்தனை டெஸ்ட்?” என்று கேட்டாள். அன்று முதல் என் கையால் கொடுக்கும் எதையும் சாப்பிடவில்லை. நானும் அவர்களோடு சேர்ந்துவிட்டேன் என்று முடிவு செய்துவிட்டாள். என் கையெழுத்தே அதற்குச் சாட்சி.

ஆகஸ்ட் முதல் வாரம் மாடிக்குப் போய்த் தொட்டியின் வால்வை உடைத்து முழுத் தண்ணீரையும் தெருவில் விட்டாள். கீழே தெருவே கூச்சல் போட்டது. மேலே அவள் நனைந்துபோய், நடுங்கிக்கொண்டு, இனி யாரும் சாகமாட்டார்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். எங்களைக் காப்பாற்றுவதாகத்தான் அவள் நினைத்திருக்கிறாள். அந்த நிமிடம் உங்கள் கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது. பயமா இருக்குதா என்று கேட்டேன். என் மார்பில் சாய்ந்து அழுதாள்.

மறுநாள் கோயம்புத்தூருக்குத் தனியாகப் போனேன். பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் டோக்கன் வாங்கி உட்கார்ந்து, தெரிந்த முகம் ஒன்று வருவதைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டேன். அதற்கடுத்த நாளும் அதே கதை. மூன்றாம் நாள் நர்ஸம்மா வாசலுக்கே வந்து, “ஏனுங்கய்யா, டோக்கன சேத்து வெக்கறீங்களா?” என்று கேட்டார். உள்ளே போனேன். டாக்டர் இல்மாவின் எதிரில் வாய் திறக்க முடியாமல் நீல நோட்டை மேசைமேல் வைத்தேன். அந்த அம்மாள் பதினைந்து நிமிடம் படித்தார். கடைசியில், “ஐயா, இது சைக்கோசிஸ் மாதிரி தெரியுது. உண்மையையும் பயத்தையும் பிரிச்சுப் பாக்கற தெம்பு கொறஞ்சு போற ஒரு நோய். வளர்ப்பு சரியில்லாம வர்றதில்லை. வைத்தியம் இருக்குது. இவ்வளவு தெளிவா நாள் வாரியா எழுதிக் கொண்டாந்தவங்கள நான் பாத்ததில்லை” என்றார். பாராட்டைக் கேட்டு எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு வருடம் எழுதினேனே தவிர, எழுதியதைப் படிக்கவில்லை.

அவளை எப்படி அழைத்து வருவது என்று கேட்டேன். தண்ணீர் பேச்சை எடுக்க வேண்டாம், பைத்தியம் என்ற சொல் வேண்டவே வேண்டாம், அவளுக்கே எது கஷ்டமாக இருக்கிறதோ அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து, “கண்ணு, பதினோரு நாளா நீ சரியாத் தூங்கல. அதுக்கு மட்டும் ஒரு டாக்டரப் பாக்கலாமா?” என்றேன். அவள் உடனே சரி என்றாள். தூக்கமில்லாத களைப்பு அவளுக்கும்தான் தெரிந்திருந்தது. ஒரு வருடமாக யாரும் அதைக் கேட்கவில்லை.

ரத்தம், தலை ஸ்கேன் எல்லாம் பார்த்து, வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்து, பதினாறு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரத்தில் காதில் கேட்ட குரல் தள்ளிப் போயிற்று. அப்போதுதான் குரல் இருந்ததையே சொன்னாள். இப்போ எந்திரிக்கிறா, இப்போ குடிக்கப் போறா என்று ஒரு பெண் குரல் அவள் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்ததாம். உடம்பு பெருத்தது, கை நடுங்கியது, பகலிலும் தூங்கி விழுந்தாள். டாக்டர் மாத்திரையை மாற்றிப் பார்த்து, அளவைச் சரிசெய்தார். நானோ ஒரு நாளைக்கு ஏழு தடவை ‘இப்போ எப்படி இருக்குது’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆலையில் பலம் பார்க்க ஊறப்போட்ட சிமென்ட் கட்டிகளைத் தண்ணீரிலிருந்து எடுக்க நான் அவசரப்படும்போது நீங்கள் சொல்வீர்களே, “மூணாம் நாளு கட்டிகிட்ட இருபத்தெட்டாம் நாளு பலத்தக் கேக்காதீங்க சார்” என்று. அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு பேச்சு வைத்தியம். வாரம் ஒரு மணி நேரம், கிருபாசங்கர் என்ற உளவியலாளர். சின்ன வயதுதான். மாதம் ஒரு முறை நானும் ராமாமணியும் கூட உட்கார வேண்டும். முதல் தடவை நான் பதினான்கு வரி அறிக்கையை எடுத்துப் போனேன். அவர் அதை முழுக்கப் படித்தார். “ரிப்போர்ட்டு சுத்தமா இருக்குதுங்க சார். ஆனா அவங்க கேட்டது ரிப்போர்ட்டு இல்லீங்க. விஷம் இருக்குதுன்னு ஒத்துக்கவும் வேண்டாம், இல்லைன்னு அடிச்சுப் பேசவும் வேண்டாம். பயமா இருக்குதான்னு கேளுங்க. பயம் நெசந்தானுங்களே” என்றார்.

மாரப்பன், நான் அந்த அறையில் உட்கார முடியாமல் வெளியே வந்துவிட்டேன். தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொன்னேன். படித்தவர்கள் எங்களுக்கு முதல் பாடமாகச் சொன்ன அதே கேள்வியை, அரை வருடம் முன்பே நீங்கள் எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்தேன். தொலைந்துபோன உங்கள் தம்பி அருள்குமாரைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்?

கிருபாசங்கர் அவளோடு வாதாடவே இல்லை. தண்ணீரில் விஷம் என்பது நூற்றுக்கு எத்தனை உறுதி என்று மட்டும் கேட்பார். முதல் வாரம் நூறு. பிறகு தொண்ணூற்றைந்து. ஒரு வாரம் மறுபடி நூறு. வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று அவளையே பட்டியல் போடச் சொன்னார். குரல் எப்போது வருகிறது, அதற்கு முன் தூங்கினாளா, சாப்பிட்டாளா என்று அவளே குறித்துக்கொண்டாள். இந்த வருடம் பிப்ரவரியில் நாற்பதுக்கு வந்ததும் அவளே ஒரு சோதனை வகுத்தாள். குழாய்த் தண்ணீரில் ஒரு வாய் குடிப்பது. மூன்று மணி நேரம் உடம்பில் என்ன நடக்கிறது என்று எழுதுவது. மறுநாள் இரண்டு வாய். நான் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று உத்தரவு. எட்டாம் நாள் முழு டம்ளர் குடித்துவிட்டு வந்து, “நாயனா, உங்க டெஸ்டுல தண்ணி மட்டுந்தான் இருந்துது. என்னோடதுல நானும் இருந்தேன்” என்றாள். முப்பத்தொரு வருடச் சோதனைக்கூட அனுபவம் அந்த ஒரு வரிக்கு முன்னால் கைகட்டி நின்றது.

ஜூன் முதல் சூலூரில் பாதி நாள் வேலைக்குச் சேர்ந்தாள். பழைய மேலாளர் அம்மாள் இடம் வைத்திருந்தார்.

இனிதான் உங்களிடம் சொல்ல மிகவும் ஆசைப்பட்ட சேதி. தீபாவளி முடிந்த வாரம். காலை ஏழு மணி. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சைத்ரா வந்து எதிரில் உட்கார்ந்தாள். “நாயனா, நோட்ட எடுங்க. மூணு நாளா நாலு மணி நேரந்தான் தூக்கம். நேத்து உக்கடம் பஸ்ஸுல ரெண்டு பேரு சிரிச்சாங்க, என்னப் பத்தித்தான்னு தோணுச்சு. அறுபது பர்சன்ட்டு. டாக்டருக்குப் போன் போடுறேன்” என்றாள். நான் பேப்பரை மடித்துவிட்டு நோட்டைத் தேடினேன். அவள்தான் போன் போட்டாள். பேசும்போது ஒன்றையும் விடவில்லை. இடையில் என்னிடம் திரும்பி, “தேதி என்னங்க?” என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் அன்று மதியமே பார்த்தார். மாத்திரை சற்றுக் கூட்டினார். வாரம் இரண்டு முறை பேச்சு. பத்து நாள் விடுப்பு. பதினோராம் நாள் வேலைக்குப் போய்விட்டாள். சென்ற முறை நான் ஒரு வருடம் பார்த்தும் பார்க்காமல் விட்டதை, அவள் மூன்றே நாளில் பிடித்துவிட்டாள். நோய் வந்து கதவைத் தட்டும்போது, வீட்டுக்காரியே எழுந்துபோய் யாரென்று பார்த்தாள். இதை வெற்றி என்று எழுதலாமா என்று கிருபாசங்கரிடம் கேட்டேன். “தாராளமா எழுதுங்க சார், பேனா மை என்ன தீந்தா போகும்?” என்றார். எழுதிவிட்டேன்.

எங்கள் பிரிட்ஜ் கதவில் இப்போது அவள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தன் ஐந்து அறிகுறிகளை எழுதியிருக்கிறாள். தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போவது, போனை எடுக்காமல் விடுவது, அந்நியர் சிரிப்பு தன்னைப் பற்றியது என்று தோன்றுவது, இப்படி. அதற்குக் கீழே எங்களுக்கும் வரி வைத்திருக்கிறாள். ‘அம்மா: ஏன் இப்படி இருக்கறேன்னு கேக்கக் கூடாது.’ ‘நாயனா: எதையும் டெஸ்ட் பண்ணக் கூடாது.’

நாளை முதல் முழு நாள் வேலை. அவள் போய் வருவதைப் பார்த்துவிட்டு இந்தக் கடிதத்தை முடிக்கிறேன். முன்கூட்டியே எழுதிவிட எனக்குப் பயம்.

9.12.2025, செவ்வாய்

நேற்று முழு நாளும் வேலை பார்த்துவிட்டு ஆறரை மணிக்கு வந்தாள். களைத்துப் போயிருந்தாள். அது வேலை செய்த களைப்பு. நாற்பத்தாறு நூல் மாதிரி பார்த்தாளாம்.

அவள் வந்த சமயம் வெங்கடலட்சுமி மகன் கல்யாணப் பத்திரிகையோடு வந்திருந்தாள். ராமாமணியைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், “யாராச்சும் கேட்டா டைபாய்டுன்னு சொல்லிக்கலாங்க்கா” என்றாள். என் காதில் விழுந்தது. நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. உட்கார்ந்து சொல்லத் தைரியம் வராது போலிருக்கிறது. “வெங்கடலட்சுமி, சைத்ராவுக்கு வந்தது சைக்கோசிஸ்ங்கற மனநோய். மாத்திரை சாப்புடறா, வாராவாரம் பேசப் போறா, நல்லா இருக்கறா. யாரு கேட்டாலும் இதையே சொல்லு. கல்யாணத்துக்கு நாங்க மூணு பேரும் வாரோம்” என்றேன். உள்ளறையிலிருந்து சைத்ரா, “நாயனா, மைக்கு வேணுங்களா?” என்றாள். ராமாமணி அழுதாளா சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்தது.

துணிச்சலான வாக்கியம் என் வாழ்நாளில் மிகச் சில என்று ஞாயிறன்று எழுதினேன். அன்று கேட்டருகே உங்களிடம் சொன்னதை இதை வைத்து ஈடுகட்ட முடியாது. ஆனாலும் இதை உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

இன்னொன்று. சென்ற மாதம் சைத்ரா ஜன்னலோரம் இருந்த அந்த டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். “தண்ணியில விஷம்னு நான் நெனச்சது என் நோவு. இது தனியா இருந்துதே, இது யாரோட நோவுங்க நாயனா?” என்று கேட்டாள். இதற்கு நாங்கள் ஒரு சோதனையும் செய்ததில்லை.

தைக்கு நீங்கள் ஊருக்கு வருவதாக மாசாணியம்மாள் சொன்னார். சைத்ராவுக்கு உங்களைப் பார்க்க வேண்டுமாம். அருளைப் பற்றிக் கேட்க வேண்டுமாம். பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்த் திரும்பாத ஆளாக மட்டும் இல்லாமல், எப்படிச் சிரிப்பார், என்ன சாப்பிடுவார் என்று. உங்களுக்குச் சொல்ல மனமிருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சும்மா வந்து உட்காருங்கள்.

கேட்டருகே நின்றுவிடாதீர்கள். உள்ளே, சமையலறை வரை வாருங்கள். ஜன்னலோரம் இப்போது ஒன்றுமில்லை. எல்லா டம்ளரும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. உங்கள் கையாலேயே ஒன்றை எடுத்துக் குழாயில் பிடித்துக் குடியுங்கள். அன்று கீழே வைத்த தண்ணீர் இன்னும் பாக்கியிருக்கிறது.

உங்கள் பேரப்பிள்ளைகள் நன்றாகத் தூங்கி, நன்றாக எழுந்து, நீண்ட நாள் வாழட்டும்.

உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
சுந்தரராஜுலு